மிளகுக் கொடியோடு போன அழைப்பு

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் தலையில் இந்த வருடம் மாணவர் ஆய்வரங்கின் ஆலோசகர் பதவி கட்டாயம் விழும். அதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் மூத்தவர்கள் எல்லோரும் திடீரென்று குனிந்து போனைப் பார்க்கத் தொடங்குவார்கள். யார் முதலில் நிமிர்கிறாரோ அவர்தான் ஆலோசகர். நானும் அப்படி நிமிர்ந்துதான் மாட்டிக்கொண்டேன். பிறகு ஓய்வு பெறும்வரை யாரும் என்னை அதிலிருந்து இறக்கிவிடவில்லை.

எனக்கு விழா என்றாலே ஒத்துக்கொள்ளாது. விளக்கேற்ற ஒரு வரிசை, வரவேற்புரைக்கு ஒருவர், வரவேற்றவரைப் பாராட்ட இன்னொருவர் என்று காலைப் பொழுது அப்படியே கரையும். ஆனாலும் தாவர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் தங்கள் ஆய்வை வெளியாட்களுக்கு முன்னால் வைத்து, கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்கிறார்கள். அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். மண்டபத்தை எப்படி ஒதுக்குவது, சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அலுவலகத்தில் கேட்டால் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித் தராத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. ஒரு வருடம், வெளியிலிருந்து வந்து பரவி நம் காடுகளைக் கெடுக்கும் செடிகளைப் பற்றிப் பேச ஒரு அறிஞரை அழைத்திருந்தோம். மேடை மேசையில் பிள்ளைகள் மஞ்சள் மஞ்சளாகப் பூங்கொத்து வைத்திருந்தார்கள். பதுளை வீதியோரம் எங்கும் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தி. அறிஞர் தன் உரையில் நாட்டை விட்டே விரட்ட வேண்டும் என்று சொன்ன செடிகளில் அதுவும் ஒன்று. அவர் பாவம், உரை முழுவதும் அந்தப் பூங்கொத்துக்குப் பின்னால் நின்றுதான் பேசினார். மண்டபம் சிரித்தது, அவரும் சிரித்தார். அதோடு அது முடிந்தது. சிரித்து முடிக்க முடியாத ஒன்று அதற்குப் பிறகு ஒரு வருடம் நடந்தது.

அந்த வருடம் மாணவர் குழுவின் தலைவன் நுவன். ஹாலிஎல பக்கத்துப் பையன், ஓயாமல் ஏதாவது புதிது யோசிப்பவன். செயலாளர் பவித்ரா. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் அங்கேயே வேலை. ஆய்வரங்கு வேலையோடு துறையின் நாற்றுமேடையையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் மறுபேச்சுக்கு இடம் இருக்காது.

நம் பக்கத்தில் பெரியவர்களை ஒரு காரியத்துக்கு அழைக்கப் போனால் கையில் வெற்றிலைக் கட்டோடு போவது வழக்கம். நுவன் அதிலும் ஒரு புதுமை செய்யப் பார்த்தான். வெற்றிலையும் மிளகும் ஒரே குடும்பம், இலையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். தாவர விஞ்ஞான மாணவர்கள் வாடிப்போகும் வெற்றிலைக்குப் பதிலாக, பையில் வேர்விட்ட மிளகுக் கொடி ஒன்றைக் கொடுத்து அழைத்தால் என்ன என்றான். எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கும்தான். பவித்ரா கொடிகளை வெட்டி, கறுப்புப் பொலித்தீன் பைகளில் நட்டு, மாதக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். ஆய்வரங்குக்குச் சில வாரங்களுக்கு முன் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து, பஸ்ஸிலும் ஆட்டோவிலும் மடியில் வைத்துக்கொண்டு போய், அழைப்பிதழோடு கொடுத்துவிட்டு வந்தார்கள். மீதியை ஆய்வரங்கு அன்று பேச்சாளர்களுக்குப் பொன்னாடைக்குப் பதிலாகக் கொடுப்பதாக ஏற்பாடு.

அப்படி ஒரு கொடி நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் ஒரு தோட்டத்தின் துரைக்கும் போனது. துரை என்றால் இங்கே தோட்டத்தை நடத்தும் அதிகாரி. வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலமாகியும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. இவர் சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழைத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்போலப் பேசுவார். பவித்ராவின் இறுதியாண்டு ஆய்வுக்கு இடம் தரச் சம்மதித்த ஒரே துரையும் அவர்தான். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவதற்கு முன், நிலம் தேற அதில் மானாப்புல் வளர்ப்பார்கள். அந்தப் புல் மண்ணை என்ன செய்கிறது என்பதுதான் அவள் பார்க்க நினைத்தது. ஆய்வரங்கில் அவள் தன் திட்டத்தை விளக்குவதைக் கேட்டுவிட்டு, எந்த நிலம் என்று முடிவாகச் சொல்வதாகத் துரை சொல்லியிருந்தார். அவர் மாட்டேன் என்றால் துறைக்குப் பின்னால் வாளிகளில் மண் நிரப்பித்தான் அவள் ஆய்வு செய்ய வேண்டும். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்துவிட்டு வாளியிலா ஆய்வு செய்வது என்று அவளுக்கு அது பெரிய குறையாகவே இருந்தது.

அந்தத் துரையின் தோட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. வாசலில் மருந்து கலந்த தண்ணீர்த் தொட்டியும் பிரஷ்ஷும் வைத்திருப்பார். உள்ளே போகும் எவரும் காலில் போட்டிருக்கும் சப்பாத்தைக் கழுவ வேண்டும். வெளியூர் மண்ணோடு பூச்சியும் புழுவும் வந்துவிடும் என்பார். அது நியாயம்தான். ஆனால் திரும்பி வெளியே வரும்போதும் காவற்காரர் மறுபடி கழுவச் சொல்வார். ஒரு தடவை பிள்ளைகளோடு போனபோது நானும் கழுவினேன். கிறுக்குப் பிடித்த மனுஷன் என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சப்பாத்துத் துரை.

இனி ஆய்வரங்கு நாள் காலைக்கு வருகிறேன்.

விருந்தினர் வரத் தொடங்கவில்லை. மண்டபத்தின் பின்னறையில் பிள்ளைகள் மீதிப் பைகளுக்கு வண்ணக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பை கிழிந்து மண் கொட்டியது. அதை அள்ளப் போன பவித்ரா அப்படியே குந்தியிருந்துவிட்டாள். நான் ஏதோ காலில் குத்திவிட்டதாக நினைத்துப் பக்கத்தில் போனேன். அவள் வேரைத் தூக்கிக் காட்டினாள். வேர் நெடுகக் கொத்தமல்லி அளவில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது.

நுவன் ஓடிவந்து பார்த்துவிட்டு, அது மண்ணுக்கு நல்லது செய்யும் பக்டீரியா முடிச்சாக இருக்கலாமே என்றான். அந்த முடிச்சு அவரை, பயறு குடும்பத்துக்குத்தான் வரும் என்று முதலாமாண்டிலேயே படித்தவன் அவன். பதற்றத்தில் அவரைக் குடும்பத்துப் பிள்ளையை மிளகுக்குக் கட்டிக்கொடுக்கப் பார்த்தான். பவித்ரா இன்னும் சில பைகளைக் கிழித்தாள். பெரும்பாலானவற்றில் அதே முடிச்சு. இலையெல்லாம் பச்சைப்பசேலென்று, பார்க்க ஒரு குறையும் இல்லை.

அது வேரில் முடிச்சுப் போடும் வட்டப்புழு. கண்ணுக்குத் தெரியாது. ஒரு பிடி மண் போதும், புது இடத்தில் குடியேறிவிடும். மிளகு, தக்காளி, தேயிலை நாற்று என்று எதையும் விடாது. நாற்றுமேடைக்கு எடுத்த மண்ணைப் பொலித்தீனால் மூடி வெயிலில் சுடவைத்த பிறகுதான் பையில் நிரப்ப வேண்டும். அந்த வருடம் மழை விட்டால்தானே வெயில். சூடேறாத மண்ணை நிரப்பியிருக்கிறார்கள். தாவர விஞ்ஞானத் துறைக்காரர்களாகிய நாங்கள், தாவர விஞ்ஞான ஆய்வரங்குக்கு அழைக்கப் போன இடத்திலெல்லாம், அழகாகக் காகிதம் சுற்றி நோயைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். எங்கள் சப்பாத்தைக் கழுவவைத்த மனிதருக்கும்தான்.

இப்படியான நேரத்தில் என்ன நடக்கும் என்று கவனியுங்கள். எல்லோரும் உடனே கைக்கு எட்டும் சின்ன வேலையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஒருவன் அறையைக் கூட்டத் தொடங்கினான். ஒருத்தி டவுனில் அந்தூரியம் பூ விற்கும் கடைக்குப் போன் எடுத்தாள். மேடையில் கொடுக்க வேறு ஏதாவது வேண்டுமே என்பது அவளுடைய கவலை. அதுவும் தேவைதான். ஆனால் ஏற்கனவே போய்விட்ட கொடிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பவித்ராதான் திறந்தாள். யார் யாருக்குக் கொடுத்தோம் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் போனவர்கள், அழைப்பிதழ் இல்லாதவர்களுக்கும் ஆசையாகக் கேட்டார்கள் என்று கொடுத்திருந்தார்கள்.

துறைத்தலைவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. வந்தார், பார்த்தார், நெற்றியைத் தடவிக்கொண்டார். இன்றைக்கு மண்டபத்தில் எதையும் சொல்ல வேண்டாம், விழா முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் போன் பண்ணிப் பக்குவமாகச் சொல்வோம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. துறையின் பெயரைக் காப்பாற்ற வேண்டியவர் அப்படித்தான் சொல்வார். உண்மையைச் சொன்னால் என் மனமும் பாதி அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. நுவன் முழுதாகவே சாய்ந்துவிட்டான்.

பவித்ரா சாயவில்லை. நாளைக்குப் போன் பண்ணுவதற்குள் எத்தனை பேர் கொடியை நிலத்தில் நடுவார்கள், நட்டவர்களில் எத்தனை பேர் வெட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள் என்று கேட்டாள். வாங்கியவர்களில் பாதிப் பேர் இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே மண்டபத்தில் வந்து உட்காரப் போகிறார்கள். வாங்கிய கொடியை எங்கே வைத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். இதைவிட வேறு வழி ஏது என்றாள்.

நுவன் மெதுவாக, துரை முன்வரிசையில் இருப்பாரே, உன் நிலம் என்னாவது என்று கேட்டான். அறையில் இருந்த எல்லோருக்கும் அதுதான் மனதில் இருந்தது.

“போனா போவுது நுவன். இது நான் வளத்த கன்னு. நானே சொல்றேன்,” என்றாள். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. தைரியசாலிகளுக்குக் குரல் தழுதழுக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆலோசகர் பதவியில் மொத்தமாக ஒரே ஒரு நிமிடம்தான் உண்மையான வேலை இருக்கும். அது எப்போது வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அந்த நிமிடம் இதுதான். மண்டபத்தில் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவெடுங்கள், மேலேயிருந்து வரும் கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பிறகு துறைத்தலைவரை வெளியே அழைத்துப்போய், நாளைக்கு ஒரு துரை தானாகக் கண்டுபிடித்துச் சொன்னால் நம் பெயர் என்னாகும் என்று கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. எனக்கு அது போதும்.

விளக்கேற்றினார்கள், வரவேற்றார்கள். என் வாழ்நாளில் முதன்முறையாக வரவேற்புரை இன்னும் கொஞ்சம் நீளாதா என்று இருந்தது. பிறகு பவித்ரா மேடையேறினாள். தன் ஆய்வுத் திட்டத்தின் முதல் படத்தைப் போடாமல், கையில் இருந்த கொடியைப் பையிலிருந்து உருவி, மண்ணைத் தட்டின் மேல் உதிர்த்து, வேரை உயர்த்திப் பிடித்தாள். நாங்கள் உங்களுக்குக் கொடுத்த கொடிகளில் இந்தப் புழு இருக்கிறது, இன்று காலைதான் பார்த்தோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள், தமிழில் சொன்னாள். நுவன் எழுந்து வந்து பக்கத்தில் நின்று சிங்களத்தில் சொன்னான். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், மண்ணோடு தோண்டிப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள், நாங்களே வந்து எடுத்துப்போவோம் என்றான். காலையில் சாய்ந்த பையன் மேடையில் நேராக நின்றதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. சப்பாத்துத் துரை எழுந்தார், யாரையும் பார்க்காமல் பக்கக் கதவால் வெளியே போனார்.

பவித்ரா அவர் போவதைப் பார்த்தாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பிறகு தன் முதல் படத்தைப் போட்டு, இனி கிடைக்கப்போவதில்லை என்று அவள் நினைத்த நிலத்தில் செய்யப்போகும் ஆய்வைப் பற்றி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு வரி விடாமல் விளக்கினாள். நான் எத்தனையோ நல்ல உரைகளைக் கேட்டிருக்கிறேன். என் மனதில் நிற்பது அதுதான்.

தேநீர் இடைவேளையில் ஒரு வேடிக்கை நடந்தது. நுவன் அந்தக் கொடிகளை ஒரு மேசையில் பொலித்தீன் விரித்து வைத்து, பக்கத்தில் புழுவைப் பெரிதாக்கிப் பார்க்க நுணுக்குக்காட்டி ஒன்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டான். சுவர் நிறைய ஒட்டியிருந்த ஆய்வுப் படங்களை யாரும் சீண்டவில்லை. எல்லாக் கூட்டமும் அந்த மேசையைச் சுற்றித்தான். கொஸ்லந்தப் பாடசாலை ஆசிரியை ஒருவர், தங்கள் கொடியைப் பிள்ளைகள் பாட்டுப் பாடி நட்டுவிட்டார்கள், இனி பாட்டுப் பாடித்தான் தோண்டவும் வேண்டும் என்றார். அதே பிள்ளைகளுக்கு இந்தப் புழுவைக் காட்ட நுணுக்குக்காட்டியோடு வருவீர்களா என்றும் கேட்டார். அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அப்போதுதான் துரை திரும்பி வந்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே வந்தவர், கூட்டத்தை விலக்கி நேரே பவித்ராவிடம் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தோட்டத்துக்குப் போன் பண்ணியதாகச் சொன்னார். எங்கள் கொடி ஆபீஸ் வெராண்டாவில் சீமெந்துத் தரைமேல் பையோடு அப்படியே இருக்கிறதாம். வெளியிலிருந்து வரும் எதையும் சில மாதம் பார்க்காமல் அவர் மண்ணில் இறக்குவதில்லை. அதைக் கட்டி ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டாராம். பிறகு, “நீ கேட்ட காணியத் தர முடியாது,” என்றார்.

பவித்ரா தலையை ஆட்டினாள். “சரிங்க சேர். எனக்கு வெளங்குது.”

“வெளங்கல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நம்ம வாசல்ல சப்பாத்து கழுவுனது ஞாபகம் இருக்கா? உள்ள வாறப்ப ஏன் கழுவணும்னு சொல்லியிருக்கேன். வெளிய போறப்ப ஏன்னு நீங்க ஒருத்தருமே கேக்கல.”

பவித்ரா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

“இப்ப கேக்குறேன் சேர்.”

தோட்டத்தின் ஒரு மூலையில் சில வருடமாகத் தேயிலை மஞ்சளாகித் தேய்ந்துகொண்டு வருகிறது என்று அவர் சொன்னார். மண்ணைக் கொடுத்துப் பார்த்ததில் புழு என்று தெரிந்ததாம். அது எங்கள் கொடியில் இருந்த வகை அல்ல. முடிச்சுப் போடாமல் வேரை உள்ளுக்குள்ளேயே அரிக்கும் வகை. பக்கத்துத் தோட்டங்களுக்குத் தெரிந்தால் தன் நாற்றுகளை ஒருவரும் தொடமாட்டார்கள், தன்னைத்தான் குற்றம் சொல்வார்கள் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. புழு வாசலைத் தாண்டக் கூடாதே என்று, வெளியே போகிறவர்களின் சப்பாத்தையும் கழுவவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிறுக்கு என்று சிரித்தது அந்த மனிதருடைய பயத்தைப் பார்த்து.

“நல்ல காணியில புல்லு வளத்து என்ன தெரிஞ்சுக்கப் போற? அந்த மூலைய எடுத்துக்க. என்னா செய்யலாம்னு பாரு,” என்றார். பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேசையில் இருந்த நுணுக்குக்காட்டியில் குனிந்தார்.

கொடுத்த கொடிகளைத் திரும்பச் சேர்க்கப் பிள்ளைகள் பல வாரம் அலைந்தார்கள். ஒன்றிரண்டு கிடைக்கவே இல்லை. கொஸ்லந்தப் பாடசாலையில் உண்மையாகவே பாட்டுப் பாடித்தான் தோண்டினார்கள். துறைத்தலைவர் என்னோடு கொஞ்சக் காலம் முகம்கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினார். அதெல்லாம் வேலையில் சகஜம். அடுத்த ஆய்வரங்குக்கு அழைக்கப் போனபோது பிள்ளைகள் வெற்றிலைக் கட்டுதான் கொண்டுபோனார்கள்.

பவித்ரா அந்த மூலையில் தேயிலையைப் பிடுங்கிய இடத்தில் மானாப்புல் வளர்த்தாள். அடுத்த ஆய்வரங்கில் தன் முடிவுகளைச் சொன்னாள். புழு முழுதாக ஒழியவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது, இன்னும் காலம் வேண்டும் என்றாள். கைதட்டல் பெரிதாக இருக்கவில்லை; குறைந்திருக்கிறது என்ற சொல்லுக்கு எந்த மண்டபமும் எழுந்து நின்று கைதட்டாது. ஆனால் கேள்வி நேரத்தில் சப்பாத்துத் துரை எழுந்து, இந்த நிலம் என் தோட்டத்தில் இருக்கிறது என்று, தான் கூட்டிவந்திருந்த பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் எல்லோரும் கேட்கச் சொன்னார். அவர்களில் ஒருவர் சற்றுத் தயங்கிவிட்டு, தன்னிடமும் அப்படி ஒரு மூலை இருக்கிறது என்றார்.

ஆலோசகர் பதவி உங்களுக்கு வந்தால் பயப்படாதீர்கள். மேசையில் என்ன பூ வைக்கிறார்கள் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைத்தால் நமுனுகுல பக்கம் போய் அந்தத் தோட்டத்தையும் பாருங்கள். அந்த மூலைக்குப் போகும் பாதையில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி இருக்கும், பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை. இங்கே புழு இருக்கிறது, வெளியே போகும்போது சப்பாத்தைக் கழுவவும் என்று எழுதியிருக்கும். எழுத்து பவித்ராவுடையது. ஊரறிய அதை அங்கே நட்டுவைத்தது துரை.